பின்வாசல் எண்

சங்கத்தின் சிவப்பு மேலங்கி
எனக்கு இரண்டு அளவு பெரிது.
தோள் சரியச் சரிய
றொக்கியா ஊசி குத்தி நிறுத்தினாள்.
"அறுபத்துநாலு வயதில் மெத்தை தூக்குவது யார்?"
என்று எழுதிய மட்டைக்குக் கம்பு
எங்கள் ஹொட்டலின் தும்புத்தடி.
களவு இல்லை.
திங்கட்கிழமை திருப்பி வைப்பதாய்த்தான் இருந்தோம்.

வோல்தேர் சாலை நெடுக மேளம்,
வதக்கிய வெங்காயம், இறைச்சி சுடும் புகை.
ஒரு கிழவர் தன் நாய்க்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்.
கோஷம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது.
மீதிப் பாதிக்கு
அறை எண்களைச் சொல்லிக் கத்தினேன்:
நூற்றியொன்று! நூற்றியிரண்டு! நூற்றிமூன்று!
பக்கத்தில் வந்த பெடியன்
புதுக் கோஷம் என்று நினைத்தானாக்கும்,
கூடவே கத்தினான்.
பிறகு அவனுக்குப் பின்னால் இருபது பேர்.
நான் ஒரு நாளில் துடைக்கும் அறைகளை
பாரிஸ் உரத்து எண்ணியது
அந்த ஒரு தடவைதான்.

யார் தொடங்கினது என்று
என்னைக் கேட்டுப் பயனில்லை.
வங்கிக் கண்ணாடி உடைந்தது.
கறுப்பு உடுப்புக்காரர் ஓடினார்கள்.
குறுக்குத் தெருவிலிருந்து
கேடயங்கள் சுவராய் இறங்கின.
எது முதல், எது பிறகு
எனக்குத் தெரியாது.
இரவுச் செய்தியில் விளக்கியவனுக்கும் தெரியாது.

முதல் வெடிக்கு
எல்லாரும் ஓடினார்கள்.
நான் படுத்துவிட்டேன்.
முகம் தாரில், கை பிடரியில்,
செவிப்பறை கிழியாதபடி
வாய் சற்றே திறந்து.
இருபத்தொன்பது வருடம்
இந்த நகரத்தில் நடந்த உடம்பு
என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

றொக்கியா மேலங்கியைப் பிடித்து இழுத்தாள்.
"எழும்பு! இது அது இல்லை!"
அது எதுவென்று
ஒருநாளும் நான் அவளுக்குச் சொன்னதில்லை.

கண்ணுக்குள் மிளகாய்த்தூள். மூக்கால் கடல்.
யாரோ உப்புநீர் பீச்சினார்கள்,
நன்றி சொல்லத் திரும்பினால் ஆளில்லை.
தெருவின் மற்ற முனையிலும் கேடயம்.
சுவரோடு முதுகு தேய நகர்ந்தோம்.
முதுகில் தட்டுப்பட்டது
சாம்பல் நிறக் கதவு.

என் கதவு.
குப்பை வாளியும் நானும் போய்வரும் வழி.
நாலு இலக்கம்.
கண்ணுக்குத் தெரியவில்லை,
விரலுக்குத் தெரிந்திருந்தது.
வேலைநிறுத்தம் என்றபடியால்
மாற்றியிருப்பார்களோ என்று ஒரு கணம்...
பச்சை.

சலவை அறைக்குள் பதினேழு பேர்.
எண்ணாமல் இருக்க எனக்கு வராது.
அந்தப் பெடியனின் புருவம் கிழிந்து இரத்தம்.
என் கை முதலில் போனது
தரை துடைக்கும் துணிக்கு:
வெள்ளையில் பட்டால் கறை போகாது.
வெட்கமாய் இருந்தது.
நாலு நட்சத்திரத் துவாய் ஒன்றை உதறி
அவன் முகத்தில் அழுத்தினேன்.
"நூற்றியொன்று" என்றான்,
ஒற்றைக் கண்ணால் என்னை அடையாளங்கண்டு.
எல்லாருக்கும் சிரிப்பு வந்து
இருமலாய் முடிந்தது.

தலைக்கு மேல்
எந்த அறையிலோ யாரோ
குளியல் தொட்டியைத் திறந்துவிட்டார்கள்.
தண்ணீர் குழாய்க்குள்
நெடுநேரம் இறங்கிக்கொண்டிருந்தது.

தயாபரன் எடுத்தார்.
"ரிவியில காட்டுறாங்கள். எங்க நிக்கிறாய்?"
"வேலையில" என்றேன்.
பொய் இல்லை.

திங்கட்கிழமை கணக்குப் பார்த்தார்கள்.
துவாய் பதினொன்று குறைவு.
தும்புத்தடி ஒன்று குறைவு.
மேற்பார்வை பார்க்கும் மத்தில்ட்
ஒவ்வொரு முகமாய்ப் பார்த்துக்கொண்டு போனாள்.
றொக்கியா தலையணை உறையை
நாலாய் மடித்தாள், விரித்தாள்,
மறுபடி நாலாய் மடித்தாள்.

அன்று பின்னேரமே எண்ணை மாற்றினார்கள்.
புது எண்ணை முதலில் சொன்னது
எனக்குத்தான்.
விடிய ஆறு மணிக்கு
வேறு யார் வந்து திறப்பது?