பங்கீட்டில் வராதது

வீடு ஆர்லிஸுக்கு, டிரக் டுவேனுக்கு,
நாய் வாரம் மாற்றி வாரம்.
ஆற்றுமேட்டில் பட்டுப்போன எல்ம் மரத்தை மட்டும்
இருவருமே வக்கீலிடம் சொல்லவில்லை.

விஸ்கான்சினில் மே. இரண்டு நாள் மழை, பிறகு வெயில்.
ஓக் இலை அணில்காது அளவு வந்ததும்
வெங்காய வலைப்பையோடு கிளம்பினாள்,
காரை ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு.

முதலில் ஒன்றும் தெரியாது.
சருகு, சருகு, நத்தை ஓடு.
குந்தி உட்கார்ந்தால்தான் கண் பழகும்:
அதோ,
தேன் பிழிந்தெடுத்த அடை மாதிரி
ஒரு மோரல் காளான்.
அதன் பின்னால் மூன்று.

மரத்தின் வடபக்கம்
கத்தி அறுத்த அடித்தண்டுகள், பதினொன்று.
வெட்டு இன்னும் ஈரம்.
தென்பக்கம் தொடாமல் கிடந்தது.
எண்ணக் கூடாது என்றுதான் இருந்தாள்.
பன்னிரண்டு.

உப்புத்தண்ணீரில் போட்டதும்
குழிகளை விட்டு எறும்புகள் குடிபெயர்ந்தன.
நெடுக்கே பிளந்து, மாவில் புரட்டி,
வெண்ணெய் நுரை அடங்கக் காத்திருந்தாள்.
நன்றாக வேக வேண்டும். அரைவேக்காடு வயிற்றைக் கலக்கும்;
அவனுக்கு எப்போதும் அவசரம்.

ஆறு மணிக்கு நாயைக் கொண்டுவந்து விட்டான்.
கதவுவரை வெண்ணெய் வாசனை.
நாயின் பாதங்களில் காய்ந்த ஆற்றுச் சேறு.
"நல்ல மழை" என்றான்.
"ஆமாம், நல்ல மழை."