இருளப்பன், ஆஜர்

சோஹாரில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாள்.
காலை எட்டு மணிக்குக் கப்பல் சரக்கியல்.
வியாழன் மாலை எல்லோரும் பெட்டி கட்டும்போது
நான் மட்டும் நோட்டைத் திறந்துகொண்டிருப்பேன்.
இந்த ஒன்று பழகவே ஐந்து வாரம்.

கடவுச்சீட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா.
பள்ளிக்கூடத்தில் அவர் ஒரே ஓர் எழுத்து:
ஓர் 'இ', ஒரு புள்ளி,
பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர் மாதிரி
என் பெயரைப் பிடித்துக்கொண்டு வருவார்.
இங்கே பேராசிரியர் சாலிம் அவரைத்தான் கூப்பிடுகிறார்.
அரபிக்கு அந்த 'ப்' வராது.
வல்லினம் கரைந்து
'இருளபன்?' என்கிறார், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.
'பிரசண்ட்' என்கிறேன்.
ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டு
கோவில்பட்டியில் தீப்பெட்டி லோடு ஏற்றுகிறவர்
வாரம் நான்கு நாள் வகுப்புக்கு வருகிறார்.
போனில் சொன்னதும் சிரித்துத் தீர்த்துவிட்டு
'லீவு கீவு போட்டுராத, எம் பேரு கெட்டுப்போகும்' என்றார்.

அறைத்தோழி தீமா அம்மான்காரி.
முதல் வாரம் அயர்ன் பாக்ஸ் கேட்டேன்.
புருவத்தை உயர்த்தி, நாக்கால் 'ச்சு' என்றாள்.
என்மேல் இவ்வளவு இரக்கமா என்று
கசங்கிய சுடிதாரோடு நின்றேன்.
அது 'தர மாட்டேன்' என்று தெரிய மூன்று நாள்.
என் தலையாட்டலைப் படிக்க அவளுக்கு இன்னும் கூட ஆனது:
'ஆம் என்கிறாயா, இல்லை என்கிறாயா,
கழுத்து வலியா?'
அவள் தாத்தா செத்த செய்தி வந்த இரவு
பழக்கதோஷத்தில் நான் உச்சுக் கொட்டிவிட்டேன்.
அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்,
எதை மறுக்கிறாய் என்பதுபோல.

ஷம்ஸா வீட்டில்
பிடியில்லாத குட்டிக் கோப்பையில் ஏலக்காய்க் காப்பி.
இலைக்குக் குறுக்கே வைப்பதுபோல் கையை வைத்து
போதும் என்றேன்.
விரலை நகர்த்திவிட்டு ஊற்றினார்கள்.
குறை சொல்ல முடியாது,
எங்கள் ஊரிலும் போதும் என்றால் இன்னொரு கரண்டிதான்.
ஏழாவது கோப்பையில் அவள் தம்பி பரிதாபப்பட்டு
தன் கோப்பையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினான்.
ஆட்டினேன். நின்றது.
அன்று விடிய மூன்று மணிவரை தூக்கமில்லாமல்
துறைமுக விளக்குகளை எண்ணினேன்.

நேற்று குடியிருப்பு அட்டை வாங்க
கல்லூரி அலுவலகத்தில் காத்திருந்தேன்.
கவுன்ட்டரிலிருந்து 'இருளபன்!'
எழுந்தேன்.
தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து
நீலச் சீருடையில் ஒருவர்
மாப்புக் கட்டையோடு ஓடிவந்தார்.
'எஸ் சார்.'
கவுன்ட்டர்க்காரர் அட்டையிலிருந்த படத்தைப் பார்த்தார்.
அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

விளாத்திகுளம் பக்கமாம். வந்து எட்டு வருஷம்.
இத்தனை நாளும் நான் நடந்த தரையெல்லாம்
அவர் துடைத்தது.
உட்காருங்க என்றேன்.
பெஞ்சைப் பார்த்தார், மேலே காமிராவைப் பார்த்தார்.
'இருக்கட்டும் மேடம்.'
ஊரிலென்றால் இதற்குள் எந்தத் தெரு என்று
இருவரில் ஒருவர் கேட்டிருப்போம்.
இங்கே யாரும் கேட்கவில்லை.
சீருடைக்கு வேறொரு தெரு இருக்கிறது.

அப்பா பெயரைச் சொல்லி யாரையும் கூப்பிட
எனக்கு வாய் வராது.
அவரோ மேடத்தை விடுவதாயில்லை.
இரண்டு பேரும் பேரில்லாமலே
மழை, கரிசல், தங்கச்சி கல்யாணக் கடன் என்று
கொஞ்ச நேரம்.

வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர் திரும்பினார்.
'அது அப்பா பேரு. உங்க பேரு?'
ஐந்து வாரத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை.
'பூங்குழலி.'
'பூங்குளலி' என்றார்,
ழகரத்தை எங்கள் பக்கத்து வழக்கப்படி
வளைக்காமல்,
வீட்டில் கூப்பிடுவது மாதிரியே.

'தரை ஈரமா இருக்கு. பாத்துப் போங்க.'