சாய்ந்த தடியெழுத்து

ஷார்ஜா சனையா. ஃப்ளெக்ஸ் கடை ஏசி
கீபோர்டு ஓரம் சொட்டுகிறது.
"தடியா, சாய்ச்சுப் போடு தம்பி,
ஓடுற லாரிக்கும் தெரியணும்"
என்கிறார் சீனி நைனார்.

கீழக்கரை டயர்ஸ்.
ழகரத்தின் வால் ககரத்தின் காலை மிதிக்கிறது.
ஐகாரக் கொம்புக்கு எதிர்காற்று.
புள்ளிகூட நசுங்கி
முட்டையாகிவிட்டது.

இந்த எழுத்தில்
தள்ளுபடி எழுதலாம், இன்றே கடைசி எழுதலாம்.
சம்பளம் அடுத்த மாதம் என்று
ஒருமுறை அடித்துப் பார்த்தேன்:
அதுவும் சலுகை போலவே இருந்தது.

அரபி இடப்பக்கம் சாயும்.
வலது ஓரத்தில் அதை வைத்தேன்,
இடது ஓரத்தில் தமிழை,
நடுவே ஒரு டயர்.

பஞ்சர் எங்கே என்று
இருவரும் குனிந்து தேடுகிறார்கள்.