இரண்டு அங்குலம்

ஜெலுத்தோங் பட்டறையில் ஆ சூன்
பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி
என் கையில் வைத்தான்.
எண்பத்தொன்பதில் ஒசாகாவில் பிடித்த துரு.

புது காயில்ஓவர்.
பின்னால் அகலச் சக்கரம், முன்னால் ஒல்லி.
மூவாயிரத்து இருநூறு வெள்ளி.
அமுதினியிடம் எண்ணூறு என்றிருக்கிறேன்.

முதுகுக்குப் பின்னே எஞ்சின் உள்ள எம்ஆர்டூ:
பயந்து காலை எடுத்தால்
பின்புறம் முந்திக்கொண்டு வரும்.
போன மழையில், தெலுக் பஹாங் வளைவில்,
கண்ணாடியில் இருக்கவேண்டிய ரோடு
எதிரே நின்றது.

இன்றும் மழை. அதே வளைவு.
கடன் கொடுத்தவன் சட்டையைப் பிடிப்பதுபோல்
ரோட்டைப் பிடித்தது வண்டி.
சிரித்துக்கொண்டே வந்தேன்
ஆயர் ஈத்தாம் வரை.

பிளாட் வாசலில் அரைச்சாண் மேடு.
கர்ர்ர்ர்.

நான்காம் மாடியில் ஜன்னல் திறந்தது.
பிறகு போன்:
"எண்ணூறு வெள்ளிக்கே
இவ்வளவு எறங்கிட்டீங்களா?"