நானூற்றுப் பதினேழாம் புற்று

ஏரிக்குத் தெற்கே, தார்ச்சாலையை விட்டிறங்கி
மூன்று மணி நேரம்.
இங்கே மேல்மண்ணை நம்பமுடியாது.
இரும்பு ஊறி இறுகிய ஓடு ஒன்றைக்
குப்புறக் கவிழ்த்துக்கொண்டு படுத்திருக்கிறது நிலம்.
கடப்பாரை பட்டால் கைதான் அதிர்கிறது.

ஆகவே கரையானைக் கேட்கிறோம்.
தண்ணீர் தேடி அது இறங்கும்
ஓட்டுக்குக் கீழே, களிமண்ணுக்குக் கீழே,
எங்கள் கம்பெனி காசு செலவழிக்கத் தயங்கும் ஆழத்துக்கு.
ஒரு வாய் ஈரமண்ணைக் கவ்வி ஏறும்.
அதில் ஒரு துகள் இருந்தால் போதும்.

லுகெம்பே கம்பால் மூன்று தட்டு தட்டுவான்,
பாம்புக்கு மரியாதை.
பிறகு உடைப்பான். நான் சலிப்பேன்.
இரண்டு கிலோ, ஒரு பை, ஓர் எண்.

நானூற்றுப் பதினேழு
மின்ஸாவின் சோளக்கொல்லை ஓரத்தில், அவளைவிட உயரமாக.
அறுத்தெடுத்த இரும்புக் குழாயில்
கல் இடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.
"முதல் மழைக்கு இதிலிருந்து ஒரு வாளி ஈசல் வரும்.
அதுக்கு என்ன தருவே?"
எங்கள் படிவத்தில் ஈசலுக்குக் கட்டம் கிடையாது.
"சரி, உச்சியைத் தொடாதே.
சரிவுப் பக்கம் எடுத்துக்கோ" என்றாள்.

ஆறு வாரம்.
ஆய்வுக்கூடத் தாளில் வரிசை வரிசையாய்ப் பூஜ்யம்,
நானூற்றுப் பதினேழில் மட்டும்
பத்து லட்சத்தில் இரண்டேகால் பங்கு.
மேலாளர் தொலைபேசியில் என் பெயரை
முதன்முறையாகச் சரியாக உச்சரித்தார்.

துளைப்பொறி வந்தது. டீசல் வந்தது. சமையல்காரர் வந்தார்.
நசுங்கிய சோளத்துக்குத் தட்டைக் கணக்கில் நஷ்டஈடு.
எண்ணியது மின்ஸாவே. இருமுறை.

இருபத்தெட்டாவது மீட்டரில் பச்சை.
தண்ணீர் ஊற்றியதும் இன்னும் பச்சை.
கடலடியில் கக்கிய நெருப்பு
குளிர்ந்து குளிர்ந்து தலையணைகளாய் அடுங்கிய பாறை.
இருநூற்று எழுபது கோடி ஆண்டு,
மீனே இல்லாத கடல்,
ஒரு தலையும் சாயாத தலையணைகள்.

அறுபத்து நான்கில் வெள்ளைக்கல், சாண் அகலம்.
ஓரத்தில் சாம்பல் மினுக்கம்.
சுத்தியலால் தட்டினேன்: பூண்டு வாசம்.
"யார் சமைக்கிறது?" என்றான் லுகெம்பே.
ஆர்சனிக் சமைக்கிறது என்றேன்.
தங்கம் பெரும்பாலும் அதன் பந்தியில்தான் உட்காரும்.
அன்றிரவு கூடாரத் துணியின் தையல்களை எண்ணினேன்.

பூஜ்யம்.
இரண்டாம் துளை. மூன்றாம் துளை.
பூண்டு மட்டும் வந்தது. விருந்தாளி வரவில்லை.

புற்றடிக்குத் திரும்பிப் போய்
அன்றே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன்.
மின்ஸா கல்மாவைக் கழுவிக் கொட்டும் நீர்
சின்ன வாய்க்காலாகி
சரிவுப் பக்கமாய்ப் புற்றின் காலைத் தொடுகிறது.
மூன்று வருடக் கழுநீர்.
கரையான் ஆழத்துக்கே போகவில்லை.
வாசலில் கிடந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டது.

கரையான் புற்றில் குடியேற வந்த நாகம் நாங்கள்தான்.
வெறுங்கையோடு திரும்பினோம் என்று எழுதலாம்,
நாகத்துக்குக் கை ஏது.

பொறியை லாரியில் ஏற்றிய அன்று
தட்டோடு வந்து நின்றாள்.
"பையில் மீதி மண் இருக்குமே."
கையெழுத்துப் போட்டு எடுத்துக் கொடுத்தேன்.
என் முன்னாலேயே அலசினாள்.
சுழற்றி, சாய்த்து, வாயால் ஊதி,
தட்டின் மடிப்பில் ஒரு மஞ்சள் கோடு,
நகக்கண் அழுக்கைவிட மெலிசு.

"நீ இடிக்கிற கல் எங்கேயிருந்து வருது?"
"என் மைத்துனன் சைக்கிளில்."
"எங்கேயிருந்து?"
"சைக்கிளில்" என்றாள் மறுபடி,
கோட்டை விரலால் தொட்டு எடுத்தபடி.

தெற்கே பார்த்தேன். மூன்று குன்றுகள்.
நேற்றைய தூறலில் பதிந்த சைக்கிள் தடம்
மூன்றுக்கும் போகிறது.