இரண்டு நொடி

பொத்தானை அழுத்தினால்
இரண்டு நொடி உண்டு.
அதற்குள் ஒரு கட்டத்தைப் படித்துவிட வேண்டும்.
பிறகு இருட்டு.
மறுபடி அழுத்து. மறுபடி இரண்டு நொடி.

மல்ஹாஸின் ரொட்டிக்கடைக் கணக்கை
நேற்று முன்னிரவில் இப்படித்தான் பார்த்தேன்,
எண் எண்ணாக, கொக்கு மீன் கொத்துவதுபோல்.
உப்பு. ஈஸ்ட். விறகு.
ரியோனி ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து
ஜன்னல் சட்டத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.
நாற்பதாவது அழுத்தலில்
இரண்டு நொடி ஒன்றாயிற்று.
அப்புறம் அதுவுமில்லை.

போலந்திலிருந்து தம்பி தாரியேல் சொன்னான்:
"தூக்கிப் போடு அக்கா.
இங்கே குப்பைத்தொட்டி ஓரத்தில்
இதைவிட நல்லது கிடக்கும்."
கிடக்கும்தான்.
அந்தக் குப்பைத்தொட்டிக்குக்
குட்டாயிசியிலிருந்து பஸ் இல்லை.

பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது,
செத்தவன் சட்டைப்பையில் கடிகாரம் ஓடுவதுபோல.
சும்மாதான் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
உள்ளே,
தண்ணீருக்கடியில் கிடக்கும் செய்தித்தாள் மாதிரி
என் கட்டங்கள். என் எண்கள்.
படம் போகவில்லை.
வெளிச்சம்தான் போயிருக்கிறது.

ஒரு கையில் டார்ச், மறு கையில் பென்சில்,
கண்ணாடியில் மூக்கு உரச
வரி வரியாக இறங்கினேன்.
மாவு, வந்தது: முப்பத்தெட்டு மூட்டை.
மாவு, செலவானது: முப்பத்து மூன்று.
ஐந்து மூட்டை எங்கே?

இரவு பதினொன்றுக்கு மல்ஹாஸை எழுப்பிக் கேட்டேன்.
அவன் எழுந்துகொள்ள இன்னும் அரைமணி இருந்தது.
"எங்கே என்றால்?" என்றான்.
"அதைத்தான் கேட்கிறேன்."
"பதினோரு வருஷமாக என் கணக்கை எழுதுகிறாய், ஏதெரி."
"எழுதுவதால்தான் கேட்கிறேன்."
நரம்பில்லாத நாக்கு.
வைத்துவிட்டான்.

காலையில் பிளக்கைப் பிடுங்கினேன்.
பொத்தானை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தேன்,
உள்ளே தேங்கியதெல்லாம் வடியட்டும் என்று.
போர்வை விரித்த மேஜையில் குப்புறக் கிடத்தி
பழைய பஸ் அட்டையை விளிம்பில் நுழைத்தேன்.
கொக்கி ஒவ்வொன்றும் விடுபடுகையில்
நெட்டி முறிக்கும் சத்தம்.
ஒன்று நிஜமாகவே முறிந்தது.

உள்ளே ஒன்பது வருஷத் தூசி,
ஏதோ ஒரு பூச்சியின் இறக்கை,
வரிசையாக எட்டு கெப்பாசிட்டர்.
ஆறின் தலை தட்டை.
இரண்டின் தலை உப்பியிருந்தது.
பார்த்ததும் மல்ஹாஸின் ரொட்டி நினைவுக்கு வந்தது;
உதறிவிட்டு அளவைக் குறித்துக்கொண்டேன்.
ஆயிரம். பதினாறு வோல்ட்.

பாலத்தடிச் சந்தையில் நோதார்
பதினாறு இல்லை, இருபத்தைந்துதான் என்றான்.
கூடினால் பரவாயில்லையாம், குறையத்தான் கூடாதாம்.
இரண்டும் சேர்த்து எண்பது டெத்ரி,
ஒரு ரொட்டியை விட மலிவு.
மறுபடியும் ரொட்டி.

கோடு போட்ட பக்கம் கழித்தல்.
கழித்தல், கழித்தல் என்று
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஈயத்தை உருக்கினேன்.
முதல் தடவை தப்பு.
உறிஞ்சி எடுத்து மறுபடி வைத்தேன்.
கட்டைவிரல் வெந்தது.
சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

இரவு ஒன்றே முக்காலுக்குப் பொத்தானை அழுத்தினேன்.
ஒன்று. இரண்டு.
மூன்று.
ஏழு வரை எண்ணியபிறகுதான்
எண்ணுவதை நிறுத்தலாம் என்று தோன்றியது.

வெள்ளை வெளேரென்று மேஜை, சுவர், என் கை.
மாவு, வந்தது: முப்பத்து மூன்று.

திரும்பப் படித்தேன்.
டார்ச் வெளிச்சத்தில்
மூன்றின் திறந்த வாயை
நான்தான் மூடியிருக்கிறேன்.

மணி இரண்டு. விழித்திருப்பான்.
இந்நேரம் ஊரில் விழித்திருப்பது
அவனும் ஆறும்தான்.
எடுத்தான். பின்னால் அடுப்பின் இரைச்சல்.
"மூன்று" என்றேன். "எட்டு இல்லை."
"எது?"
"மூட்டை."
பேச்சில்லை.
அடுப்புச் சுவரில் மாவை அறையும் சத்தம்,
ஒன்று, இன்னொன்று.
"காலையில் வந்து நீயே எண்ணிப் பார்" என்றான்.
கோபமா, அழைப்பா, தெரியவில்லை.

ஒரு திருகாணி மிஞ்சியிருக்கிறது.
எங்கிருந்து கழன்றது என்று தெரியாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
கணக்கு முடிந்துவிட்டது.
திரை எரிந்துகொண்டிருக்கிறது.
அணைக்க இன்னும் தைரியம் வரவில்லை.