எதற்கும் இருக்கட்டும்

புந்தா அரேனாஸில் காற்று வெறிபிடிக்கும் நாட்களில்
நகராட்சிக்காரர்கள் சதுக்க மூலையில் கயிறு கட்டுவார்கள்,
திரும்பும்போது பிடித்துக்கொள்ள.
நானும் பிடித்துத்தான் வந்தேன் இரவு வேலைக்கு.
யாருடையதோ ஒரு ரொட்டிப் பை என்னைத் தாண்டி
ஜலசந்திப் பக்கம் பறந்தது,
ரொட்டியோடு.

ஏழாம் படுக்கையில் சிக்ஸ்தோ பார்ரியா.
நண்டுப் படகுக்காரர், குடல் கிழிந்து வந்தவர்.
காரையெலும்பின் கீழ் நுழைந்து
இதயத்தின் வாசல்வரை போகும் மூன்று வாய்க் குழாய்
ஐந்து நாட்களாக அவரைப் பிடித்துவைத்திருக்கிறது.

அது போட்ட அன்று யெர்கோவை நிறுத்தினேன்.
டாக்டர் மார்த்தினிச் என்றுதான் அழைக்க வேண்டும், தெரியும்.
தொப்பி, முகக்கவசம், அங்கி,
தலைமுதல் கால்வரை போர்வை, எல்லாம் சரி.
மருந்து தடவிய தோல் மட்டும் இன்னும் பளபளத்தது.
ஊசி அவர் கையில்.
“காயட்டும்” என்றேன்.
“பிரஷர் விழுகிறது, நோல்ஃபா.”
“முப்பதுவரை எண்ணுகிறேன்.”
பதினேழில் அவர் என்னை வெறுத்தார்.
இருபத்தாறில் மானிட்டரைப் பார்த்தார்.
முப்பதில் தோல் மங்கி
வெறும் தோலாயிற்று.

அதற்கப்புறம் எல்லாம் சின்ன வேலை.
சின்ன வேலையை யாரும் வீட்டில் போய்ச் சொல்வதில்லை.
குழாயின் வாயைத் தொடுமுன் ஸ்பிரிட் பஞ்சால் தேய்க்க வேண்டும்,
எலுமிச்சை பிழிவதுபோல் திருகித் திருகி,
பதினைந்து நொடி.
ஓர் இரவில் நாற்பது தடவை.
கூட்டினால் பத்து நிமிடம்.
கட்டின் ஓரம் பிரிகிறதா என்று
பார்ப்பது கணக்கில் வராது.
அவருக்குள் போகக் காத்திருப்பது
எங்கிருந்தோ வந்த எதிரியல்ல;
என் விரலில் இருப்பது, அவர் மார்பில் இருப்பது,
வெளியே சாது.

நான்காம் படுக்கையை இன்னும் சுற்றித்தான் போகிறேன்.
ஓஃபெலினா சிகுவாய். போன பிப்ரவரி.
மறுநாள் சாதாரண வார்டுக்குப் போகவிருந்தவள்,
நடந்து பழகச் செருப்பு கொண்டுவா என்று
மகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்.
குழாயில் இரண்டு நாளாக எதுவும் ஓடவில்லை.
எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.
எதற்கும் இருக்கட்டும் என்றார்கள்.
சரி என்றேன்.
அன்று மாலை நடுக்கம்.
கட்டில் கம்பிகள் கடகடத்தன.
மூன்றாம் நாள்
செருப்பு வந்தது.

அந்தச் ‘சரி’யை நான்தான் சொன்னேன்.

எதற்கும் இருக்கட்டும்:
என் வீட்டு இழுப்பறை முழுக்க இந்த வாக்கியம்தான்.
எந்தக் கதவுக்கென்று தெரியாத சாவி,
ஒற்றைக் கையுறை, தீர்ந்துபோன பேட்டரி.
ரத்தத்துக்குள்
இழுப்பறை கிடையாது.

இன்று காலைச் சுற்றில் யெர்கோவே கேட்டார்:
“இந்தக் குழாய் இன்றைக்கு எதற்கு?”
பயிற்சி மருத்துவர் வாயைத் திறந்தார்,
“எதற்கும்...”
என் முகத்தில் என்ன கண்டாரோ,
மீதியை விழுங்கினார்.

கட்டிலைத் தாழ்த்தினேன்.
மூச்சை வெளியே விடுங்கள் என்றேன், சிக்ஸ்தோ விட்டார்.
ஈரநூல்போல் வழுக்கி வந்தது.
ஒரு சாண் நீளம், அவ்வளவுதான்.
ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தேன்.
அவர் கூரையைப் பார்த்தபடி
இந்தக் காற்றில் படகை யார் இழுத்துக் கட்டினார்கள் என்று கேட்டார்.
மைத்துனர் என்றேன். எனக்கெப்படித் தெரியும்?
அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பதிவேட்டில் எழுதினேன்:
குழாய் அகற்றப்பட்டது. காய்ச்சல் இல்லை.
இல்லை என்ற சொல்லை இவ்வளவு அழுத்தி
வேறெங்கும் நான் எழுதுவதில்லை;
பேனா மறுபக்கம் தெரிந்தது.

வெளியே காற்று நிற்கவில்லை.
மூலையில் கயிறு நனைந்து கிடந்தது,
எத்தனை பேர் கை பட்டதோ,
பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் கை கழுவி இழுப்பறையைத் திறந்தேன்.
பேட்டரியை எறிந்தேன்.
கையுறையையும்.
சாவியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

சாவி
இருக்கட்டும்.